மேசை கப்பல்ல வந்தது, உளி இங்கேயே இருந்தது: நாஞ்சில் நாட்டு மர வேலையின் கதை

இந்த எபிசோட் மர வேலையைப் பத்தி. ஒரு நல்ல நாற்காலி, ஒரு நல்ல கட்டில் செய்யற கை எப்படி உருவாகுது, அந்த வேலையைக் கத்துக்கற வாய்ப்பு யாருக்குக் கிடைச்சது, யாருக்குக் கிடைக்கலை. இதைக் கன்னியாகுமரி மாவட்டத்துல, அதாவது பழைய நாஞ்சில் நாட்டுலயும் அதை ஒட்டின கல்குளம் பக்கத்துலயும் வச்சுப் பாக்கலாம்.

முதல்ல நீங்க இருக்கற அறையைச் சுத்தி ஒரு தடவை பாருங்க. மேசை இருக்கும். அலமாரி இருக்கும். ஜன்னல் இருக்கும். அலமாரியில ஒரு சாவி தொங்கும். இந்த நாலு சொல்லும் போர்ச்சுகீசிய மொழியில இருந்து வந்தவை. 16ஆம் நூற்றாண்டுல நம்ம கடற்கரைக்கு வந்தவங்க பொருளோட சேர்த்துப் பேரையும் இறக்கி வச்சிட்டுப் போனாங்க.

இப்போ ஒரு தச்சரோட பைக்குள்ள பாருங்க. உளி. கொட்டாப்புளி. வாய்ச்சி. இழைப்புளி. அளவுகோல். மூலைமட்டம். இதுல எதுவுமே போர்ச்சுகீசியம் கிடையாது. பொருள் வெளியில இருந்து வந்திருக்கு, அதைச் செஞ்ச கருவியும் கையும் ஏற்கெனவே இங்க இருந்திருக்கு. பழக்கமே இல்லாத ஒரு பொருளைப் பாத்து, தெரிஞ்ச கருவியை வச்சே அதைச் செய்ய ஒரு கூட்டம் கத்துக்கிட்டிருக்கு. இந்த எபிசோட் முழுக்க இதை மனசுல வச்சுக்கோங்க. கடைசியில தேவைப்படும்.

மேசைக்கு முன்னாடி என்ன இருந்தது?

மேசையும் அலமாரியும் இல்லாத காலத்துல நாஞ்சில் நாட்டு ஆசாரிமார் என்ன செஞ்சாங்க? வீட்டையே செஞ்சாங்க. தெற்குத் திருவிதாங்கூர் வீடுகள்ல கூரைச் சட்டம், உத்தரம், தட்டு எல்லாம் மரம். சில வீடுகள்ல சுவரே மரம்தான். பலகைகளைச் சட்டத்துக்குள்ள கோர்த்து நிறுத்தின அந்த மரச்சுவருக்கு நிரைன்னு பேரு. இது நெல் விளையற நாடு, அதனால நெல்லைப் போட்டு வைக்கப் பத்தாயம். உள்ள ஆடறதுக்கு ஊஞ்சல், குழந்தைக்குத் தொட்டில், படுக்கக் கட்டில். கதவுக்குக் கீல் கிடையாது. கதவுப் பலகையோட மேலயும் கீழயும் குடுமி மாதிரி ஒரு முனையை விட்டுச் செதுக்குவாங்க. நிலையில இருக்கற குழியில அந்தக் குடுமி உக்காந்து சுத்தும்.

இதோட உச்சத்தைப் பாக்கணும்னா தக்கலைக்குப் பக்கத்துல இருக்கற பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போகணும். அரண்மனை வளாகம் சுமார் 6.5 ஏக்கர். இதுல பழைய பகுதி தாய்க் கொட்டாரம், 16ஆம் நூற்றாண்டோட நடுவுல கட்டினதா சொல்றாங்க. 1601-ல ரவிவர்ம குலசேகரப் பெருமாள் காலத்துல அரண்மனை விரிவாச்சு. 1729-ல இருந்து 1758 வரைக்கும் ஆண்ட மார்த்தாண்ட வர்மா 1750 வாக்கில அதைப் புதுப்பிச்சார். 1795-ல தலைநகர் திருவனந்தபுரத்துக்குப் போயிடுச்சு. 1956 நவம்பர் 1-ல கல்குளம், விளவங்கோடு, அகஸ்தீஸ்வரம், தோவாளை நாலு தாலுகாவும் அன்னைக்கு மெட்ராஸ் மாநிலம்னு இருந்த நம்ம மாநிலத்தோட சேர்ந்துச்சு. அரண்மனை மட்டும் இன்னைக்கும் கேரளத் தொல்லியல் துறைகிட்ட இருக்கு. 2014-ல யுனெஸ்கோவோட உத்தேசப் பட்டியல்லயும் இடம் பிடிச்சுது.

உள்ள நுழைஞ்சதும் பூமுகத்தோட மேற்கூரையைக் காட்டுவாங்க. மரத்துல 90 பூக்கள், ஒண்ணு மாதிரி இன்னொண்ணு இருக்காது. எல்லாரும் கழுத்தை நிமிர்த்திப் பாத்துட்டு, போட்டோ எடுத்துட்டு நகர்ந்துடுவாங்க. தாய்க் கொட்டாரத்துல பலா மரத்தூண் இருக்கு, எங்க ஊர்ப் பேச்சுல பிலா. உடம்பெல்லாம் செதுக்கல். அதுக்கும் அதே கதிதான்.

ஆனா ஒரு தச்சரை அங்க கூட்டிட்டுப் போனா அவர் பூவை அவ்வளவு நேரம் பாக்க மாட்டார். ரெண்டு மரம் சேர்ற இடத்தைப் பாப்பார்.

மரம் சும்மா இருக்காது

ஏன்னா மரம் வெட்டின பிறகும் அசையற பொருள். காத்துல ஈரம் கூடினா உப்பும், குறைஞ்சா சுருங்கும். அதுவும் எல்லாத் திசையிலயும் ஒரே மாதிரி கிடையாது. ரேகை ஓடற நீள வாக்குல அநேகமா மாற்றமே இருக்காது. அகல வாக்குலதான் அசைவு. ஒரு அடி அகலப் பலகை நூத்துக்கு ஒண்ணு சுருங்கினாலே 3 மில்லிமீட்டர். ஒரு கதவுல நாலு பலகை இருந்தா 12 மில்லிமீட்டர். விரல் நுழையற இடைவெளி.

கன்னியாகுமரி மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. அதனால இங்க மரம் ஒரு வருஷத்துல ரெண்டு தடவை உப்பி ரெண்டு தடவை சுருங்குது. இந்த ஊர்ல ஒரு பலகையை நாலு பக்கமும் ஆணி அடிச்சு இறுக்கினா என்ன ஆகும்? வெடிக்கும். அதனால ஆசாரி சட்டத்துல காடி எடுப்பார், பலகையை அந்தக் காடிக்குள்ள சும்மா உக்கார வைப்பார். பசை கிடையாது, ஆணி கிடையாது. பலகை அதுக்குள்ள மூச்சு விட்டுக்கலாம். சட்டத்தோட மூலையில மட்டும் ஒரு கட்டையில துளை, இன்னொரு கட்டையோட முனையில அந்தத் துளைக்கு ஏத்த நாக்கு. ரெண்டையும் கோர்த்து, குறுக்க ஒரு மர முளையை அடிச்சுப் பூட்டுவாங்க.

கூரையிலயும் இதே யோசனைதான். சாய்வா இறங்கற கழுக்கோல் ஒவ்வொண்ணுலயும் துளை போட்டு, அத்தனை துளை வழியாவும் ஒரு நீள மரத்தை ஊசியில நூல் கோர்க்கற மாதிரி கோர்ப்பாங்க. அதுக்கு வளைன்னு பேரு. ஒரு துளை அரை அங்குலம் தள்ளிப் போச்சுன்னாலும் மொத்தக் கூரையும் ஏறாது.

இந்த அளவெல்லாம் எங்க எழுதி இருக்கு? 16ஆம் நூற்றாண்டுல திருமங்கலத்து நீலகண்டன் மூஸத் சம்ஸ்கிருதத்துல எழுதின 'மனுஷ்யாலய சந்திரிகை'ங்கற நூல் இருக்கு. வீடு எந்தத் திசை, எவ்வளவு நீளம், எவ்வளவு அகலம்னு சொல்லும். அளக்கறதுக்கு முழக்கோல் இருக்கு. ஒரு கோல் 24 அங்குலம், நம்ம கணக்குல சுமார் 72 சென்டிமீட்டர். இந்த அங்குலம் சுமார் 3 சென்டிமீட்டர், நம்ம ஸ்கேல்ல இருக்கற இன்ச் கிடையாது. ஒவ்வொரு அங்குலத்துலயும் எட்டுப் பங்கு.

ஆனா கை வேலை வேற. உளியை எந்தச் சாய்வுல பிடிக்கணும், ரேகை திரும்பற இடத்துல இழைப்புளியை எப்படித் திருப்பணும், ஒரு மரம் காஞ்சிருச்சுன்னு தட்டிப் பாத்து எப்படிக் கண்டுபிடிக்கணும், இதையெல்லாம் ஒரு சுலோகத்துல அடைக்க முடியாது. நம்ம ஆபீஸ் பாஷையில சொன்னா, டிசைன் டாக்குமெண்ட் இருக்கு, ஆனா வேலை எப்படி நடக்குதுங்கறது சீனியரோட தலையிலயும் கையிலயும்தான் இருக்கு. அவர் பக்கத்துல வருஷக்கணக்கா உக்காந்தாத்தான் வரும்.

இதுல உக்காந்துங்கற சொல் முக்கியம். பழைய ஆசாரிமார் தரையில உக்காந்து, கட்டையைக் கால் பாதத்தால பிடிச்சுக்கிட்டு வேலை செஞ்சாங்க. அவங்க வாள் இழுக்கும்போது அறுக்கும். ஐரோப்பியத் தச்சர் நின்னுக்கிட்டு, மேடையில கட்டையை இறுக்கி வச்சு, வாளைத் தள்ளி அறுப்பார். மேடையும் கவ்வியும் இங்க வந்தப்போ உடம்பே புதுசா பழக வேண்டியிருந்தது. அதையும் பழகினாங்க.

கத்துக்கறதுக்கு ஒரு வரிசை இருக்கு. முதல்ல தீட்டறது. சாணைக்கல்லுல உளியைத் தீட்டத் தெரியாதவனுக்கு மரத்தைத் தொட உரிமை இல்லை. மழுங்கின உளி அழுத்தினா வழுக்கும், கையைத்தான் வெட்டும். அடுத்தது இழைக்கறது, ஒரு முகத்தைச் சமமாக்கி, அதுக்கு நேர்செங்குத்தா அடுத்த முகத்தை எடுக்கறது. அப்புறம் கோடு போடறது. அப்புறம் அறுக்கறது, துளை எடுக்கறது, பொருத்தறது. செதுக்கல் கடைசி. அந்த 90 பூக்கள் இந்தப் பாடத்தோட கடைசிப் பக்கம்.

கடல் வழி வந்த நாற்காலி

அதே பூமுகத்துல, பூக்களுக்குக் கீழே சீன வணிகர்கள் கொடுத்ததா சொல்ற ஒரு நாற்காலி இருக்கு. ராஜாவோட மாளிகையில 64 வகை மூலிகை மரத்துல செஞ்சதுன்னு சொல்ற ஒரு கட்டில் இருக்கு, டச்சுக்காரங்க கொடுத்ததுன்னு சொல்வாங்க. மரத்தோட எண்ணிக்கையை யாரும் பிரிச்சு எண்ணிப் பாத்திருக்க மாட்டாங்க. ஆனா டச்சுக்காரங்களோட இந்த ஊருக்கு இருந்த தொடர்பு வரலாறு. 1741-ல குளச்சல் போர்ல மார்த்தாண்ட வர்மா டச்சுக் கம்பெனியைத் தோக்கடிச்சார். பிடிபட்ட டிலனாய் அப்புறம் திருவிதாங்கூர் படைக்கே தலைவர் ஆகி, இங்கேயே வாழ்ந்து, பக்கத்துல இருக்கற உதயகிரிக் கோட்டையில அடக்கமாகி இருக்கார்.

ஆக, பூமுகத்துல தலைக்கு மேல உள்ளூர் வேலை, கண்ணுக்கு நேரே வெளியூர் வேலை. நூறு வருஷத்துல போக்கு தலைகீழா மாறிடுச்சு. 1851-ல லண்டன்ல நடந்த மாபெரும் பொருட்காட்சியில திருவிதாங்கூர் மகாராஜா விக்டோரியா ராணிக்கு அனுப்பின தந்தச் சிம்மாசனம் காட்சிக்கு இருந்தது. வடிவம் ஐரோப்பாவுல இருந்து எடுத்தது, வேலை திருவிதாங்கூர் கை. நாற்காலியை வாங்கினவங்க நாற்காலியை அனுப்பற இடத்துக்கு வந்துட்டாங்க.

அதே சமயத்துல கைவேலையைப் பள்ளிக்கூடத்துல சொல்லிக்கொடுக்கலாம்ங்கற எண்ணமும் வந்துச்சு. 1850-ல மெட்ராஸ்ல அலெக்சாண்டர் ஹன்ட்டர்ங்கற டாக்டர் ஒரு கலைப் பள்ளியை ஆரம்பிச்சார். அப்புறம் திருவனந்தபுரத்துலயும் ஒரு கலைப் பள்ளி வந்தது. அப்பா, தாத்தா வழியா இல்லாம, பேர் பதிஞ்சு, வகுப்புக்குப் போய்க் கத்துக்கலாம்ங்கறது அன்னைக்குப் புதுசு.

பெருந்தச்சன் யார் பிள்ளை?

இப்போ கஷ்டமான பகுதிக்கு வரோம். அரண்மனையைச் சுத்திப் பாத்துட்டு வெளிய வரும்போது நமக்குத் தெரியறது ராஜாக்களோட பேர்தான். அந்த 90 பூவைச் செதுக்கினவர் யார்னு கேட்டா, ஆசாரிமார்னு ஒரு சாதிப் பேர்தான் பதிலா வரும். ஆளுக்குப் பேர் இல்லை. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுல குஞ்சரமல்லன் இராசராசப் பெருந்தச்சன்னு ஒரு பேர் இருக்கு. அது அபூர்வம்.

சாதிக்குள்ள வேலை இருந்ததால ரெண்டு விஷயம் நடந்துச்சு. ஒண்ணு, வேலை காப்பாத்தப்பட்டது. ஏழு வயசுல சாணைக்கல் பக்கத்துல உக்காந்த பையனுக்கு முப்பது வயசுல வர்ற கை வேற யாருக்கும் வராது. இன்னொண்ணு, கதவு சாத்தியே இருந்தது. வேற வீட்டுல பிறந்த பிள்ளைக்கு எவ்வளவு ஆசை இருந்தாலும் உளி கைக்கு வராது. ஆசாரி வீட்டுல பிறந்த பிள்ளைக்கு வேற ஆசை இருந்தாலும் உளியை விட முடியாது. ஆசாரி வீட்டுப் பொண்ணுக்கு ரெண்டுமே இல்லை.

ஆனா இந்த ஊரோட கதையே இதுக்கு எதிரா சாட்சி சொல்லுது. பெருந்தச்சன் கதை கேள்விப்பட்டிருப்பீங்க. கேரளத்துலயும் நம்ம பக்கத்துலயும் தச்சு வேலைக்கே மூலபுருஷன் அவர். மகன் தன்னை மிஞ்சிட்டான்னு உளியைத் தவற விட்டு அவனைக் கொன்னார்ங்கற பகுதிதான் பிரபலம். கதையோட முதல் பகுதியை நாம மறந்துடறோம். 'பறையி பெற்ற பன்னிரு குலம்'ங்கற அந்த ஐதீகத்துல, வரருசிக்கும் பறையர் குலப் பெண்ணுக்கும் பிறந்து வழியில விட்டுட்டுப் போன பன்னிரண்டு குழந்தைகள்ல ஒருத்தர்தான் பெருந்தச்சன். ஒரு தச்சர் எடுத்து வளர்த்தார், அதனால தச்சர் ஆனார். தச்சர்கள்ல பெரிய தச்சர், பிறப்பால தச்சர் கிடையாது. வளர்ப்பால, பயிற்சியால வந்தவர். கதை கற்பனையா இருக்கலாம். ஆனா இதைச் சொல்லிச் சொல்லிக் காப்பாத்தின ஜனங்களுக்கு, வேலை ரத்தத்துல வராதுன்னு எங்கேயோ தெரிஞ்சிருக்கு.

1953-ம் இன்னைக்கும்

இதே கேள்வி தமிழ்நாட்டு அரசியலை ஒரு தடவை உலுக்கி எடுத்திருக்கு. 1953-ல ராஜாஜி அரசு ஒரு ஆரம்பக் கல்வித் திட்டம் கொண்டு வந்தது. பிள்ளைகளுக்கு ஒரு நாளைக்கு மூணு மணி நேரம் பள்ளிக்கூடம், மிச்ச நேரம் பெத்தவங்களோட தொழில். குலக்கல்வின்னு பேர் வாங்கி, பெரிய எதிர்ப்பைச் சந்திச்சது. 1954-ல முதலமைச்சரான காமராஜர் அதைக் கைவிட்டார். அப்போ கன்னியாகுமரி திருவிதாங்கூர்-கொச்சியில இருந்தது, அதனால அந்தச் சண்டை இந்த ஊர் எல்லைக்கு வெளியதான் நடந்துச்சு. அதே காமராஜரை 1969-ல நாகர்கோவில் தொகுதி எம்.பி. ஆக்குச்சு.

எதிர்ப்பு நியாயமானது. பிறந்த வீடு உன் தொழிலை முடிவு பண்ணும்னு ஒரு அரசு சொல்லக் கூடாது. ஆனா அதுக்கப்புறம் நாம ஒண்ணைச் செய்யாம விட்டுட்டோம். கைவேலையை எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவாக்கலை. 1866-லயே பின்லாந்து கிராமப் பள்ளிகள்ல பையன்களுக்குக் கைவேலையைக் கட்டாயப் பாடமாக்கினாங்க. 1870கள்ல சுவீடன்ல ஓட்டோ சாலமன், நாஸ்ங்கற இடத்துல ஆசிரியர்களுக்கு இதுக்காகவே பயிற்சி கொடுத்தார். சுலபமான பொருள்ல ஆரம்பிச்சுப் படிப்படியா கஷ்டமான பொருள் வரைக்கும் செய்ய வைக்கற பாடத்திட்டம். நம்ம ஆசாரிமார் வச்சிருந்த அதே வரிசை மாதிரிதான். பிள்ளைகளைத் தச்சராக்கறது நோக்கம் இல்லை. கையும் கண்ணும் பழகணும், கைவேலை மேல மரியாதை வரணும்ங்கறதுதான்.

இங்க அந்த விவாதம் இன்னும் முடியலை. 2023 செப்டம்பர்ல ஒன்றிய அரசு பிரதமர் விஸ்வகர்மா திட்டத்தைத் தொடங்கினது. 18 தொழில்கள், அதுல தச்சும் ஒண்ணு. கருவி வாங்க 15,000 ரூபாய், சில நாள் பயிற்சி, கடன். விண்ணப்பிக்கறவர் குடும்ப வழித் தொழில் செய்யறவரா இருக்கணும்ங்கற நிபந்தனையைத் தமிழ்நாடு அரசு எதிர்த்தது. இந்த வடிவத்துல செயல்படுத்த மாட்டோம்னு 2024 நவம்பர்ல சொன்னது. 2025-ல கலைஞர் கைவினைத் திட்டம்னு, குடும்பத் தொழில் நிபந்தனை இல்லாம, 25 தொழில்களுக்குக் கொண்டு வந்தது. குறைஞ்சபட்ச வயசு 35.

வாசல்ல யார் நிக்கலாம்ங்கறதைப் பத்தி நாம நல்லா சண்டை போடறோம், போடவும் வேணும். ஆனா இந்த ரெண்டு திட்டமும் ஏற்கெனவே தொழில் தெரிஞ்சவருக்குத்தான். பதினெட்டு வயசுல, எந்த வீட்டுல பிறந்திருந்தாலும், நல்ல மர வேலை கத்துக்கணும்னு வர்ற பையனுக்கோ பொண்ணுக்கோ என்ன இருக்கு? ஐ.டி.ஐ. இருக்கு. 1950-ல தொடங்கின தொழிற்பயிற்சித் திட்டத்துல தச்சுப் பிரிவு ஒரு வருஷப் படிப்பு. தீட்டவும் இழைக்கவும் கோடு போடவும் ஒரு வருஷம் போதும். அதுக்கப்புறம் ஒரு நல்ல ஆசாரி பக்கத்துல ரெண்டு மூணு வருஷம், கையில சம்பளத்தோட உக்கார வைக்க யாரும் இல்லை. ஜெர்மனியில மரச்சாமான் தச்சராக மூணு வருஷம். பட்டறையில வேலையும் தொழிற்பள்ளியில பாடமும் சேர்ந்தே நடக்கும், அந்த மூணு வருஷமும் உதவித்தொகை உண்டு. நம்ம பழைய முறையோட நீளமும் இருக்கு, புது முறையோட திறந்த கதவும் இருக்கு.

மரம் இல்லையேன்னு கேப்பீங்க. ஈட்டி மரம் திருவிதாங்கூர்ல ராஜாவுக்குச் சொந்தமான மரம். இன்னைக்கு அந்த இனம் முழுக்க 2017-ல இருந்து சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியல்ல இருக்கு. சரி, அது வேண்டாம். பிலா இருக்கு, அயனி இருக்கு. தமிழ்நாட்டோட ரப்பர் தோட்டங்கள் அதிகமா இருக்கறதே இந்த மாவட்டத்துலதான். பால் வத்தின ரப்பர் மரத்தைப் பூச்சி அரிக்காம இருக்க போரான் உப்புல பதப்படுத்திக் காய வச்சா நல்ல மேசை நாற்காலி ஆகும். ஒரு காலத்துல விறகுக்குப் போன மரம்.

இப்போ ஆரம்பத்துல மனசுல வச்சுக்கச் சொன்னதை எடுங்க. மேசை கப்பல்ல வந்தப்போ, இது எங்க குலத்து வேலை இல்லைன்னு நாஞ்சில் நாட்டு உளி ஒதுங்கி நிக்கலை. பாத்துச்சு, அளந்துச்சு, செஞ்சுச்சு. வெளியில இருந்து வந்த பொருளைக் கத்துக்க முடிஞ்ச வேலைக்கு, வெளியில இருந்து வர்ற ஆளுக்குக் கத்துக்கொடுக்கவும் முடியும்.

அடுத்த தடவை பத்மநாபபுரம் போனா பூமுகத்துல 90 பூவையும் பாருங்க. பாத்துட்டு, ஒரு கதவுப் பக்கத்துல குனிஞ்சு, கீழே அந்தக் குடுமி நிலையில உக்காந்திருக்கற இடத்தையும் பாருங்க. ஆணி இல்லாம, எத்தனையோ மழைக்காலத்தைத் தாங்கி, இன்னைக்கும் சுத்துது. அதைச் செஞ்சவரோட பேர் நமக்குத் தெரியாது. அவர் செஞ்ச மாதிரி செய்யக் கத்துக்கப் போற அடுத்தவங்களோட பேராவது தெரியணும், அது எந்த வீட்டுப் பேரா இருந்தாலும் சரி.